லெட்டூஸ் கிடைக்காத நாட்களில் கினிபிக்குக்குக் கீரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை வலுத்தாலோ, நீலகிரியிலிருந்து வரும் லோடு குறைந்தாலோ சென்னையில் லெட்டூஸ் விலை எகிறிவிடும். பல கடைகளில் கண்ணிலேயே படாது. புதிதாகக் கினிபிக் வளர்க்கத் தொடங்கியவர்கள் அந்த வாரங்களில்தான் பதறிப்போய், கையில் கிடைத்த கீரையைக் கூண்டுக்குள் போடுகிறார்கள். ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் நடந்தவையும் இதே தவறுகள்தான். அவை திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

லெட்டூஸைச் சாப்பாடு என்று நினைப்பது

கினிபிக்குக்குப் புல்தான் சோறு. லெட்டூஸ் தொட்டுக்கொள்ள மட்டும். கினிபிக்கின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க புல்லை அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஓடும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். லெட்டூஸ் இல்லாத வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது புல் போதுமான அளவு இருக்கிறதா என்பதைத்தான். அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கடையில் விற்கும் டிமோத்தி ஹே என்ற காய்ந்த புல்லின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நம் ஊர் அருகம்புல் இருக்கிறது. பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்பவர்களிடம் கட்டாகக் கிடைக்கும். சாமிக்குச் சாத்தி எடுத்த மாலையை மட்டும் கொண்டுவராதீர்கள், அதில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருக்கும். மக்காச்சோளம் விற்பவர்கள் உரித்துப் போடும் பச்சைத் தோலும் நாரும் இன்னொரு நல்ல தீனி. கேட்டால் பை நிறையக் கொடுப்பார்கள். மக்காச்சோளமும் புல் இனம்தான். அந்தத் தோலைக் கினிபிக் கடித்து இழுத்துச் சாப்பிடுவதைப் பார்த்தாலே அதற்கு எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். வைக்கோல் மட்டும் புல்லுக்குப் பதிலாகாது. படுக்கைக்குப் போடலாம், ஆனால் அதில் சத்து மிகக் குறைவு.

‘சத்தான கீரை’ என்று ஒன்றையே தினமும் போடுவது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு தவறுக்குத்தான்.

தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அன்பாக வளர்ப்பவர்கள், கூண்டு எப்போதும் சுத்தமாக இருக்கும். கொல்லையில் ஒரு முருங்கை மரம். லெட்டூஸ் கிடைக்காமல் போனதும் முருங்கைக்கீரையை தினமும் கைநிறைய உருவிப் போட்டார்கள். ‘நமக்கே இவ்வளவு நல்லது, அதுக்கு நல்லதா இருக்காதா?’ என்று பாட்டி சொன்னதை வீட்டில் யாரும் மறுக்கவில்லை. சில வாரங்களில் கூண்டுத் துணியில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு கினிபிக் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் முதுகைக் குறுக்கிக்கொண்டு கீச்சிட்டது. துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு போன் வந்தது. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் கல். அறுவை சிகிச்சை செய்தும் அது பிழைக்கவில்லை.

இதன் காரணம் எளிமையானது. நம் உடம்பு தேவையான அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பெரும்பாலும் மலத்தோடு தள்ளிவிடும். கினிபிக் அப்படியில்லை. சாப்பிட்ட கால்சியத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, வேண்டாததைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். சிறுநீர் கலங்கலாக இருப்பது ஓரளவுக்கு இயல்புதான். கால்சியம் மிகுந்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால், அது மணல் மணலாகப் படிந்து கல்லாகும். கினிபிக்கின் சிறுநீர்க் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்தான்.

அளவைப் பாருங்கள். 100 கிராம் லெட்டூஸில் கால்சியம் 50 மில்லிகிராமைத் தாண்டாது. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். தண்டுக்கீரை வகைகளில் 300-ஐ ஒட்டி. அகத்தியில் ஏறக்குறைய ஆயிரம். லெட்டூஸ் இருந்த இடத்தில் அதே கைப்பிடி அகத்தியைப் போட்டால் இருபது மடங்கு கால்சியம் போகிறது. நமக்கு நல்லது என்று சொல்லப்படும் அதே காரணம்தான் அந்தச் சின்ன உடம்புக்கு ஆபத்து. பாலக்கில் கால்சியம் அவ்வளவு இல்லை, ஆனால் கல்லுக்கு வழிவகுக்கக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அதையும் தினமும் போடக் கூடாது.

மாட்டுத் தீவனக்காரர்களிடம் வாங்கும் குதிரைமசாலும் (அல்ஃபால்ஃபா) இதே கணக்கில்தான் வரும். சினையாக இருக்கும் பெண்ணுக்கும் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கும் கொடுக்கலாம், வளர்ந்ததற்கு வேண்டாம். பெரு நாட்டில் அதைத்தானே போட்டு வளர்க்கிறார்கள் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், கினிபிக்கின் பூர்வீகமே அந்த ஆண்டிஸ் மலைப்பகுதி. ஆனால் அங்கே இறைச்சிக்காக வளர்ப்பவை சில மாதங்களில் அடுப்புக்குப் போய்விடும். கல் உருவாகும்வரை அவை இருப்பதில்லை. நம் வீட்டில் இருப்பது ஐந்து வருடத்துக்கு மேல் வாழ வேண்டிய உயிர்.

சரி, என்னதான் போடுவது? தினசரிக்குக் குடைமிளகாய் ஒரு துண்டு. கால்சியம் மிகக் குறைவு, விட்டமின் சி நிறைய. அதோடு கொஞ்சம் கொத்தமல்லி, தோலோடு ஒரு வெள்ளரித் துண்டு. முட்டைக்கோஸ் இலை வாரத்தில் ஓரிரு நாள், சின்னதாக. சிறுகீரை, முருங்கை, புதினா போன்றவற்றை வாரத்தில் ஒரு நாள், இரண்டு மூன்று கொத்து, அதுவும் மாற்றி மாற்றி. அகத்தியை நான் போடுவதே இல்லை. தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும்.

கூண்டுத் துணியில் வெள்ளைப் படிவம் தடிமனாகத் தெரிந்தால் கால்சியக் கீரைகளை அன்றே நிறுத்துங்கள். ரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையென்றால், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

கீரையே போடாமல் விட்டுவிடுவது

மேலே சொன்னதைப் படித்துப் பயந்து இதைச் செய்பவர்களும் உண்டு. கினிபிக்கின் உடம்பு நம்மைப் போலவே விட்டமின் சி தயாரிக்காது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கினிபிக்குகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு விட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. அந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அது திருப்புமுனை. பச்சை எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனாலே மூட்டு வலித்து நடக்கத் தயங்கும், முடி சொரசொரப்பாகும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் விட்டமின் சி வேண்டும். குடைமிளகாய்த் துண்டை நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

முயல் தீனியைக் கினிபிக்குக்குப் போடுவது

முயலின் உடம்பு விட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால் முயலுக்கென்று விற்கும் பெல்லட்டில் (குச்சித் தீனி) அதைச் சேர்ப்பதில்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

தண்ணீரில் விட்டமின் சொட்டு கலப்பது

சில மணி நேரத்தில் வீணாகிவிடும். சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும்.

கட்டைப் பிரிக்காமல் வைப்பது

மாலையில் வாங்கிய கீரைக்கட்டை அப்படியே மூலையில் போட்டால், காலையில் நடுவில் கைவிட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அது அழுகத் தொடங்கிவிட்டது. வெளியிலை பச்சையாக இருந்தாலும் உள்ளிருப்பது வயிற்றில் காற்றைக் கட்டிவிடும், கினிபிக்கால் வாந்தி எடுத்து வெளியே தள்ளவும் முடியாது. வாங்கியதும் பிரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி வையுங்கள். காலிஃபிளவர் இலை சும்மா கிடைக்கிறது என்று அள்ளி வருபவர்கள் இன்னும் நன்றாக அலச வேண்டும், அந்தப் பயிருக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள்.

ஒரே நாளில் மாற்றுவது

நேற்றுவரை லெட்டூஸ், இன்று கிண்ணம் நிறையக் கொத்தமல்லி என்றால் வயிறு தாங்காது. புதிய இலை எதுவானாலும் முதல் நாள் இரண்டு இலை. மறுநாள் புழுக்கை வழக்கம்போல் உருண்டையாகவும் கெட்டியாகவும் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். இளகியிருந்தால் அதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் புல் மட்டும். அரை நாளாக எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.