லீடர்போர்டில் ஒருவரை மறைக்கும் முன்: ஏபிஐ வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் அறை எடுத்துத் தங்கி, படிப்போடு சேர்த்து மொபைல் கேமும் செய்யும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேம் வெளியாகி நாலு பேர் விளையாட ஆரம்பித்ததுமே லீடர்போர்டைப் பற்றி, அதாவது யார் அதிக ஸ்கோர் என்று காட்டும் பட்டியலைப் பற்றி, புகார் வந்துவிடும். "அண்ணா, ஃபர்ஸ்ட் இருக்கறவன் ஸ்கோர் பொய், அவனைத் தூக்குங்க."

தூக்குவது சுலபம்தான். கூகுள் பிளே கேம்ஸ் சேவையில் நிர்வாக வேலைகளுக்கென்றே தனி ஏபிஐ (நம் நிரல் நேரடியாகக் கூகுளிடம் வேலை சொல்லும் வழி) இருக்கிறது. கேமின் ஐடி, பிளேயர் ஐடி இரண்டையும் இணைய முகவரியில் வைத்து 'போஸ்ட்' வகை அழைப்பு ஒன்று அனுப்பினால் அந்த ஆளின் ஸ்கோர்கள் மறைந்துவிடும். அதே முகவரிக்கு 'டெலீட்' வகை அழைப்பு அனுப்பினால் மறைத்தது நீங்கிவிடும். டெவலப்பர் கன்சோலில் உரிமை உள்ள கணக்கு மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

இந்த அழைப்பில் காரணம் எழுத இடமே கிடையாது. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மறைக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டால் யார், எப்போது மறைக்கப்பட்டார் என்று வரும். எதற்காக, உங்கள் குழுவில் யார் மறைத்தார் என்பது வராது. மூன்று மாதம் கழித்து குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் "என் பேரை ஏன் எடுத்தீங்க" என்று மெயில் போட்டால் குழுவில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் முதல் ஆளை மறைப்பதற்கு முன்பே உங்கள் பக்கம் ஒரு அட்டவணை இருக்க வேண்டும்: பிளேயர் ஐடி, சந்தேகத்துக்குரிய ஸ்கோர், காரணம், மறைத்தவர் பெயர், தேதி. அட்டவணையில் வரி ஏறினால்தான் அழைப்பே போகும் என்கிற மாதிரி ஸ்கிரிப்டை எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்த முகவரியில் லீடர்போர்டின் ஐடி இல்லை. அதாவது, ஒரு லெவலில் மட்டும் தில்லுமுல்லு செய்தவரை மறைத்தாலும், அந்த கேமின் எல்லா லீடர்போர்டிலும் அவர் மறைந்துவிடுவார். நேர்மையாக எடுத்த ஸ்கோரும் சேர்ந்தே போகும்.

ஸ்கோர் திடீரென்று எகிறியது என்பதே ஆதாரம் ஆகிவிடாது. நம் வீடுகளில் ஒரே போனை அண்ணனும் தங்கையும் மாறி மாறி எடுத்து விளையாடுவது சாதாரணம். நேற்று வரை 200 எடுத்த கணக்கு இன்று 550 காட்டினால், அது தங்கையின் கைவண்ணமாகவும் இருக்கலாம். முடியாத ஸ்கோரையும் அரிதான ஸ்கோரையும் பிரித்துப் பாருங்கள். 60 விநாடி ஓடும் கேமில் விநாடிக்கு அதிகபட்சம் 10 புள்ளிதான் கிடைக்கும் என்றால், 600-ஐத் தாண்டியது எதுவாக இருந்தாலும் பொய். அதற்கு ஆளை மறைக்கவே வேண்டாம். லீடர்போர்டு அமைப்பில் உச்சவரம்பை 600 என்று வைத்துவிட்டால் அதற்கு மேல் வரும் ஸ்கோர் ஏறாது. 590 எடுத்தவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், அதுவும் நிதானமாக.

சொந்த சர்வரில் லீடர்போர்டு நடத்துபவர்கள் ஐபி முகவரியை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வைத்துத் தடை போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஹாஸ்டலின் வைஃபையில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே ஒரே ஐபியாகத் தெரியலாம். மொபைல் டேட்டாவிலும் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒருவர் செய்த வேலைக்கு ஒரு கட்டடமே வெளியே நிற்கும்.

அடுத்து, பிளேயர் ஐடியை எண்ணாக நினைப்பது. ஐடி என்பது எப்போதும் எழுத்துச் சரம்தான், அதாவது கணக்குப் போடும் எண் அல்ல, ஒரு சொல்லைப் போன்றது. முழுக்க இலக்கமாக இருந்தாலும் அப்படித்தான் வைக்க வேண்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 12345678901234567890 என்ற ஐடியை ஒரு கட்டத்தில் ஒட்டினால் 12345678901234500000 ஆகிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் போனால் முழு எண்கள் நம்பகமானவை அல்ல. 9007199254740993 என்று எழுதினால் அது 9007199254740992 ஆக மாறி நிற்கும். உங்கள் சர்வரில் ஐடிகள் வரிசையாக ஓடுகின்றன என்றால், அது பக்கத்து ஆளின் ஐடி. தப்பு செய்தவர் முதலிடத்திலேயே இருப்பார், எதுவும் செய்யாத ஒருவர் காணாமல் போவார். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கூகுளின் ஏபிஐ, ஸ்கோரை ஜேசானில் (தகவல் அனுப்பும் உரை வடிவம்) சரமாகத்தான் அனுப்புகிறது. அதை எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 10000-ஐ விட 9 பெரியது என்று ஆகிவிடும்.

காட்டும் பெயரை வைத்து ஆளைத் தேடுவது அதைவிட ஆபத்து, தமிழில் இன்னும் கூடுதல் ஆபத்து. 'கோபி' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன், இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பெயரின் நீளத்தைக் கட்டுப்படுத்தும்போதும் கவனம் தேவை: 'கார்த்தி' நமக்கு நாலு எழுத்து, யுனிகோடில் 8 குறி, சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். பைட் கணக்கில் வெட்டினால் பெயர் பாதியில் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். சொந்த சர்வர் வைத்திருந்தால், சின்ன வயதுப் பிள்ளைகள் தமிழில் பெயர் வைத்துக்கொள்ள இடம் கொடுங்கள், ஆனால் சரியாகக் கொடுங்கள்.

நேரக் கணக்கில் விழுபவர்களும் நிறைய. பிளே கேம்ஸில் தினசரி லீடர்போர்டு வருடம் முழுக்க யுடிசி-7 நேரப்படி (உலகப் பொது நேரத்துக்கு 7 மணி நேரம் பின்னால்) நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. வேலூரில் அப்போது மதியம் 12.30. பொங்கலுக்குத் தினம் ஒரு பரிசு என்று அறிவித்துவிட்டு, இரவு 12 மணிக்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டால், அந்தப் பட்டியலில் இருப்பது பதினொன்றரை மணி நேர ஆட்டம்தான். காலையில் விளையாடியவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். போட்டி நேரத்தை "மதியம் 12.30 முதல் மறுநாள் மதியம் 12.30 வரை" என்று வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள், சண்டை வராது.

சரி, மற்றவை சுருக்கமாக. மறைக்கப்பட்டவர் பட்டியல் பக்கம் பக்கமாக வரும். பதிலோடு அடுத்த பக்க டோக்கன் (அடுத்த பக்கத்தைக் கேட்பதற்கான குறியீடு) வரும் வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும், முதல் பக்கத்தோடு நிறுத்தினால் மிச்சப் பேரை மறந்துவிடுவீர்கள். 429, அதாவது 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்' என்று பதில் வந்தால் உடனே திரும்பத் தட்டாமல், 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயலுங்கள். இந்த அழைப்புகளுக்கு உரிமை தரும் நிர்வாகச் சாவியை ஆப்புக்குள் வைக்கவே கூடாது; போனில் நிறுவப்படும் ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமான வேலை அல்ல. சர்வரில் வைத்தபின்னும் ஒன்று இருக்கிறது: கணக்குக்குள் நுழைய அனுமதி கேட்கும் கூகுளின் அனுமதித் திரை வெளியாருக்கானதாக, இன்னும் 'சோதனை' நிலையிலேயே இருந்தால், அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதி ஆகிவிடும். போன வாரம் ஓடிய ஸ்கிரிப்ட் இந்த வாரம் நின்றுபோனால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், சோதனை ஸ்கோர்கள். எல்லோருடைய ஸ்கோரையும் ஒரே அழைப்பில் அழிக்கும் வசதி, இன்னும் வெளியிடாத வரைவு லீடர்போர்டுகளுக்கு மட்டும்தான். வெளியிட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். சோதனைக்காக நண்பர்கள் போட்ட 99999 எல்லாவற்றையும் வெளியீட்டுக்கு முந்தைய நாளே துடைத்துவிடுங்கள்.