கை கொடுக்கும் முன் கையைப் பாருங்கள்

மணலிப் பக்கம் ஒரு லாரி பட்டறையில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாள். டிப்ளமோ முடித்த கையோடு வந்தவன், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நேராகப் போர்மேனிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் கையெல்லாம் கிரீஸ். ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்து விரல்களைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. உடனே விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். எனக்கு அது என்ன என்றே விளங்கவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதம் என்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவாக இருந்தாலும் ஹெல்பர் பையன்தான் தூது.

அழுக்குக் கையோடு நிற்கும் ஒருவர் மணிக்கட்டைக் கொடுத்தால் அது மறுப்பு இல்லை, மரியாதை. 'உன் கை பாழாக வேண்டாம், அதற்காக நீ நீட்டியதை நான் தட்டவும் இல்லை' என்று பொருள். அந்த மணிக்கட்டையோ முன்கையையோ பிடித்து லேசாக ஒரு குலுக்கு, அவ்வளவுதான். நான் இழுத்துக்கொண்டது அவர் காதில் 'உன் அழுக்கு எனக்கு ஆகாது' என்று விழுந்திருக்கிறது. மீன் வெட்டுகிறவர், மாவு பிசைந்துகொண்டிருக்கும் பரோட்டா மாஸ்டர் என்று ஈரக்கை வேலை செய்கிற பலரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அதனால் கையை நீட்டும் முன் எதிராளியின் கையை ஒரு தரம் பாருங்கள். ஸ்பேனர் இருக்கிறதா, டீ கிளாஸ் இருக்கிறதா, கிரீஸா? அப்படியென்றால் வணக்கம் போதும். இன்னொன்று, கையுறையோடு கை கொடுக்காதீர்கள். கழற்ற நேரமில்லை என்றால் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தாலே போதும்.

அடுத்து, யார் முதலில் என்ற சிக்கல். ஐம்பதைத் தாண்டியவர்களின் கணக்கு இது: வாய்வார்த்தை சின்னவரிடமிருந்து முதலில் வரவேண்டும், கை பெரியவரிடமிருந்து முதலில் வரவேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. நேர்காணலுக்குத் தயார் செய்யும்போது 'தைரியமாகக் கையை நீட்டு' என்று கல்லூரியிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் பெரியவர் உட்கார்ந்து லெட்ஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு மேலே கையை நீட்டினால், அவர் எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்தே கொடுக்கவும் முடியாமல் தவிப்பார். முதலில் வணக்கம் சொல்லுங்கள், ஒரு நொடி பொறுங்கள். கை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, 'பெரியவர்களுக்குக் கை குலுக்கலே பிடிக்காது, அது வெள்ளைக்காரன் பழக்கம்' என்று முடிவு கட்டுவதும் தவறுதான். வட சென்னையில் அந்த முடிவு நிற்காது. பெரம்பூர் ரயில்வே பட்டறைகளில் ஆங்கிலோ இந்தியர்களோடு வேலை பார்த்தவர்களுக்குக் காலையில் ஒரு 'குட் மார்னிங்', கூடவே ஒரு கை என்பது சாதாரணம். அப்புறம் சங்கத்து ஆட்கள். பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. ஆலை வாசலில் சங்கம் போடும் கேட் மீட்டிங்கில் வளர்ந்தவர் 'தோழர்' என்று கையைப் பிடித்தால் பேச்சு முடிகிறவரை விடமாட்டார். அங்கே நீங்கள் மூன்று நொடியில் கையை உருவிக்கொண்டால் அதுதான் மரியாதைக் குறைவு.

இளைஞர்கள் அறியாமல் செய்யும் தவறுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது தலையசைப்பு. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பையனைப் பற்றி ஸ்டோர் கீப்பர் புகார் சொன்னார்: "வர்றான், போறான், ஒரு வணக்கம் கெடையாது. வாயில இன்னா, கொழுக்கட்டையா?" பையனைக் கேட்டேன். "டெய்லி விஷ் பண்றேனே சார்" என்றான். எப்படி என்று செய்துகாட்டச் சொன்னேன். காதில் இயர்பட், முகவாயை மேல் நோக்கி ஒரு வெட்டு வெட்டினான். நம்மூரில் முகவாய் மேலே போனால் அது 'இன்னா?' என்ற கேள்வி. தெருவில் அதைச் செய்தால் சண்டைக்கு இழுப்பதாகக்கூட அர்த்தமாகும். முகவாய் கீழே இறங்கினால்தான் வணக்கம். அவன் தினமும் மரியாதை செய்திருக்கிறான், இவர் தினமும் அவமானப்பட்டிருக்கிறார். நண்பர்களுக்குள் மேலே வெட்டிக்கொள்ளட்டும். பெரியவரிடம் ஒரு காது இயர்பட்டையாவது கழற்றிவிட்டுத் தலையைக் கீழே இறக்கினால் போதும்.

எங்கள் வயதுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பையன் "வணக்கம் சார்" என்றால் ஏறிட்டே பார்க்காமல் "ம்" என்பது, காண்டிராக்டர் முன்னால் "வாடா" என்று முதுகில் ஓங்கித் தட்டுவது, அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்வது. தனியாக இருக்கும்போது 'வாடா' பாசமாக இருக்கலாம். வெளியாள் முன்னால் அது அவன் பதவியைக் குறைக்கிறது. முதுகில் தட்டுவதற்குப் பதில் பெயரைச் சொல்லிப் பதில் வணக்கம் வையுங்கள். கொரோனா வந்த 2020க்குப் பிறகு கை கொடுப்பதையே விட்டவர்கள் உண்டு, முஷ்டியை முட்டுகிறவர்களும் உண்டு. முஷ்டி வந்தால் அதைக் கையால் பொத்திப் பிடித்துக் குலுக்குவது என் வயதுக்காரர்களின் தனித்திறமை.

பெண்கள் விஷயத்தில் ஒரு தவறு எல்லாருக்கும் தெரியும்: அவர் நீட்டாமல் நாம் கையை நீட்டுவது. இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. வரிசையாக நாலு ஆண்களுக்குக் கை கொடுத்துவிட்டு, ஐந்தாவதாக நிற்கும் அக்கவுண்ட்ஸ் மேடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவது. சங்கடம் என்றால் கைகூப்பலாமே. மண்ணடி, ராயபுரம் பக்கம் சில இஸ்லாமியப் பெண்கள், சில ஆண்களும், எதிர்பாலினத்தவருக்குக் கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். உங்கள் கை அந்தரத்தில் நின்றுவிட்டால் அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். அசட்டுச் சிரிப்பும் ஜோக்கும் வேண்டாம்.

நைட் ஷிப்ட்டுக்கு இரவு பத்து மணிக்கு உள்ளே வருகிறவரிடம் 'குட் நைட்' சொன்னால் 'போய்த் தூங்கு' என்று ஆகிவிடும். வணக்கத்துக்கு மணிக்கணக்கு இல்லை. மே மாத வேர்வையில் கை கொடுக்கும் முன் பேண்ட்டில் துடைக்காமல் கைக்குட்டையில் துடையுங்கள்.

போர்மேனோடு எப்படிச் சமாதானம் ஆனது என்று கேட்பீர்கள். ஒருநாள் கியர்பாக்ஸ் இறக்கும்போது ஆள் போதாமல் நானும் கை போட்டேன். முழங்கை வரை ஆயில். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து கையை நீட்ட, நான் யோசிக்காமல் மணிக்கட்டைக் கொடுத்தேன். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அன்று சாயங்காலம் டீ போர்மேன் கணக்கில்.

இப்போது பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் நான் வணக்கம் போட்டால் பையன்கள் கட்டைவிரல் போடுகிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது 'சரி, சரி, ஆகட்டும்' என்பது போல இருக்கிறது. முழுதாக 'வணக்கம் தம்பி' என்று எழுதுகிறவர் ஒருவர்தான். ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகியும் அவரைக் குரூப்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை.