தள்ளுபடி டிவியா? முதலில் பெட்டி ஸ்டிக்கரைப் படியுங்கள்

மலிவு டிவி வாங்கும்போது 'பாதி விலை' அட்டையை விட்டுவிட்டு, பெட்டி ஸ்டிக்கரில் தயாரித்த மாதம், வருடம், ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) மூன்றையும் படியுங்கள். '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், 1366 × 768 என்றிருந்தால் அது தெளிவு குறைந்த எச்டி ரெடிதான். உண்மையான 4கேக்கு 3840 × 2160 இருக்க வேண்டும். குடோனில் பல காலம் கிடந்த ஸ்மார்ட் டிவி என்றால், சாஃப்ட்வேர் அப்டேட் சீக்கிரமே நின்றுவிடும். அப்புறம், கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ வாங்குபவர்கள், சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வருவாரா, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். பேனல் (திரை) போனால் ரிப்பேர் செலவு கிட்டத்தட்ட டிவி விலையைத் தொட்டுவிடும்.

32 இஞ்சில் அரசு கேபிள் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு ரெசல்யூஷன், தேதிக் கணக்கெல்லாம் தேவையில்லை. எச்டி ரெடியே தாராளம்.