வளர்ப்புப் பாம்பை நெடுந்தொலைவு கொண்டு செல்லும் முறை

குடிபெயரும் நாளைக் குறிப்பதற்கு முன்பே, சேரும் ஊரின் சட்டம் அந்த வகைப் பாம்பை வளர்க்க அனுமதிக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். புறப்படுவதற்கு 5 முதல் 7 நாட்களுக்கு முன் இரை கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். பெரிய மலைப்பாம்புகளுக்கு இன்னும் கூடுதல் இடைவெளி தேவை. செரிக்காத இரையுடன் பயணிக்கும் பாம்பு அதைக் கக்கிவிடக்கூடும்; அது பாம்பை வெகுவாக நலிவடையச் செய்யும்.

பாம்பைப் பருத்தித் துணிப்பையில் இட்டு, அந்தப் பையைக் காற்றுத்துளைகள் உள்ள உறுதியான பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதே நான் பரிந்துரைக்கும் முறை. தலையணை உறையே போதும். ஆனால் உள்ளிருக்கும் நூல்பிசிறுகளில் பாம்பு சிக்கிக்கொள்ளாதபடி, தையல் வெளிப்புறம் வருமாறு அதைத் திருப்பிக்கொள்ளுங்கள். பாம்பு அடிப்பகுதியில் இருப்பதைத் துணியின் மேலாகவே பார்த்து உறுதிசெய்த பின், பையின் வாயை முறுக்கி, மடித்து, முடிச்சிடுங்கள். ஒரு பைக்கு ஒரு பாம்புதான்.

பெரும்பாலான வளர்ப்பினங்களுக்கு வண்டிக்குள் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. வெயிலில் நிறுத்திய வண்டியில் சில நிமிடங்கள்கூடப் பாம்பை விட்டுச் செல்லக் கூடாது. நிழலைத் தேடி நகர வழியில்லாத பெட்டிக்குள் அதனால் தன் உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாது. தண்ணீரை, ஓடும் வண்டியில் அல்லாமல், இரவு தங்கும் இடத்தில் வையுங்கள்.

சேர்ந்ததும் கூண்டின் வெப்ப ஏற்பாட்டைச் சரிசெய்த பிறகே பாம்பை உள்ளே விட்டு, ஒரு வாரம் இரை கொடுக்காமலும் தொடாமலும் இருங்கள்.