தவ்கேக்குத் தண்ணீர் தெளிக்காதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தவ்கே, அதாவது பச்சைப்பயற்று முளை, வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். தவ்கேக்குப் பேர்போன ஈப்போ நகரம் காரில் அரைமணி நேரம்தான். குட்டையும் தடியுமான புந்தோங் வட்டாரத் தவ்கே அங்கே மலிவாகவே கிடைக்கும். ஆனால் வேலை முடிந்து நாம் பசாருக்கு (சந்தைக்கு) போகிற நேரத்துக்கு மிஞ்சியிருப்பது பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்துப்போய், ஓரம் பழுப்பாகி, ஒரு மாதிரி வாடையோடு கிடக்கும். வீட்டில் வளர்த்தால் பறித்த கையோடு குவாலிச் சட்டியில் போடலாம். அந்தக் கரகரப்புக்காகத்தான் இந்தப் பாடு.

இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் நிறையப் பேர் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து ஏனத்தைக் காட்டிக் கேட்கும்போது, நான் ஆரம்பத்தில் செய்த கூத்தையெல்லாம் அவர்களும் வரிசை தவறாமல் செய்வது தெரிகிறது. ஏனத்தைக் கழுவு, உடைந்த பயற்றைப் பொறுக்கு என்பதெல்லாம் சோறாக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

விதைக்கடைப் பயறு

நடுவதற்கென்று விற்கும் விதையை வாங்காதீர்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து பூசியிருக்கலாம். சிவப்பு, நீலம் என்று சாயம் தெரிந்தால் கையால்கூடத் தொட வேண்டாம். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் முழுப் பச்சைப்பயறு போதும், ஆனால் புதுசாக இருக்க வேண்டும். டப்பாவின் அடியில் போன தீபாவளியிலிருந்து கிடப்பதில் பாதிதான் முளைக்கும், முளைக்காத பாதி அழுகி மற்றதையும் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை ஊறவைத்து ஒரு நாள் பாருங்கள், அப்புறம் மொத்தமாகப் போடுங்கள்.

ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் சாயங்காலம் எடுப்பது

ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு மேல் கிடந்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். மூச்சு முட்டிய பயறு முளைக்காது.

தண்ணீர் தெளிப்பது

இதைத்தான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் எரிச்சல் தீர மாட்டேன் என்கிறது.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர். தோட்டத்தில் வேலை, கூடவே பசார் மாலாம் இரவுச் சந்தையில் தவ்கே விற்கலாம் என்று ஆசை. முதலில் ஒரு பிடிப் பயற்றை மைலோ டின்னில் போட்டார், அழகாக வந்தது. அந்தத் தைரியத்தில் கோவில் அன்னதானத்துக்குத் தானே தவ்கே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய வாளி ஒன்றில் அஞ்சு கிலோ பயற்றைப் போட்டு, ஈரத்துணியால் மூடி, துணி துவைக்கும் இடத்தில் வைத்திருக்கிறார். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, கையால் தண்ணீர் தெளிப்பு. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நான் கையை நடுவில் விட்டேன். உள்ளே சுட்டது. வெதுவெதுப்புகூட இல்லை, நிஜமாகவே சூடு. கையை எடுத்தால் விரலெல்லாம் கொழகொழ, கூடவே நாள்பட்ட சாக்கடை வாடை. “நல்லாத்தானேக்கா தெளிச்சேன்” என்கிறார்.

தெளித்ததுதான் தப்பு.

பயறு முளைக்கும்போது தன்னுள் சேர்த்துவைத்த மாவையும் புரதத்தையும் எரித்துத்தான் வளர்கிறது. அது மூச்சு விடுகிறது, மூச்சு விட்டால் சூடு வரும். ஒரு பிடிப் பயறு என்றால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். வாளி நிறைய இருந்தால் நடுவில் உள்ள சூட்டுக்குப் போக வழி இல்லை. செம்பனை எண்ணெய் ஆலைக்கு வெளியே குவித்திருக்கும், பழம் எடுத்த வெறுங்குலைகள் காலைப் பனியில் ஆவி விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். வெளியே ஏற்கனவே முப்பது டிகிரிக்கு மேல். உள்ளே இன்னும் ஏறினால் முளை வெந்து, அந்த ஈரத்தில் கிருமி கும்மாளம் போடும். மேலே தெளித்த தண்ணீர் மேல் அடுக்கை நனைப்பதோடு சரி, நடுவுக்குப் போகவே போகாது.

தவ்கேக்குத் தண்ணீர் விடுவது அதன் தாகத்துக்காக மட்டும் என்று நினைக்கிறவரைக்கும் இந்தத் தப்பு போகாது. சூட்டை அள்ளிக்கொண்டு போகத்தான் அவ்வளவு தண்ணீர். அதனால் தெளிக்காதீர்கள், மூழ்கடியுங்கள். ஏனம் நிறைய, பயறு முழுக்க முங்கும்படி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். வடிந்துவரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக வந்தால் இன்னொரு தடவை ஊற்றுங்கள், சில்லென்று வரும்வரை. பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை, எழுந்தவுடன் ஒரு தடவை. ரப்பர் பால் வெட்டுக்கு விடியற்காலையில் கிளம்புகிற வீடுகளில் இது தானாகவே நடந்துவிடும். தொழிலாகச் செய்கிறவர்கள் ராத்திரியும் எழுந்து தண்ணீர் விடுவார்கள். நமக்கு அது முடியாது என்றால் சின்ன ஏனத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருநூறு கிராம் பயறு நன்றாக வந்தால் ஒரு கிலோ தவ்கே, ஒரு குடும்பத்துக்கு அதுவே அதிகம்.

வீடியோவில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அலசினால் போதும் என்று சொல்கிறார்களே என்பார்கள். சொல்கிறவர் குளிர் நாட்டில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சொல்கிறார். அவர் ஊரில் அது சரி.

இந்தத் தெளிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் அடுப்படியிலிருந்துதான். சுண்டலுக்குப் பயற்றை ஈரத்துணியில் முடிந்து வைத்து, துணி காயும்போது தண்ணீர் தெளிப்போம். அந்த முளைக்கு ஒரு நாள்தான் கணக்கு, அரை அங்குல வாலோடு முடிந்துவிடும், சூடேற நேரமில்லை. தவ்கே நாலைந்து நாள் நிற்கிறது. அதே முடிச்சையும் அதே தெளிப்பையும் அஞ்சு நாள் இழுத்தால் அழுகல்தான்.

இதோடு ஒட்டிய இரண்டு சங்கதி. ஒன்று, மதியம் குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் தொட்டியிலிருந்து வருவது குளிக்கவே சுடும். அதை வேறு வாளியில் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொண்டு, குளிர்ந்து வருவதைத் தவ்கேக்கு விடுங்கள், அல்லது காலையிலேயே ஒரு குடம் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, வடிகால். அடியில் ஓட்டை போட்டேன் என்று சொல்வார்கள். போய்ப் பார்த்தால் வாளி தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், ஓட்டையைப் பயற்றுத் தோல் அடைத்திருக்கும், அடியில் விரற்கடைத் தண்ணீர் நிற்கும். அழுகல் அங்கிருந்து மேலே ஏறும். ரெண்டு செங்கல் மேல் வாளியைத் தூக்கி வையுங்கள், அடியில் ஒரு வலைத்துணி விரியுங்கள். டின்னில் ஆணியடித்து ஓட்டை போடுகிறவர்கள் துரு பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், பாசம் வேண்டாம்.

தம்பியின் வாளி என்ன ஆனது என்றால், குப்பைக் குழிக்குப் போனது. அன்னதானத்தில் தவ்கேக்குப் பதில் கோபிஸ் (முட்டைக்கோஸ்) பொரியல். பயற்றுக் காசு போனதைவிட, வாக்குக் கொடுத்த இடத்தில் தலைகுனிந்ததுதான் அவருக்கு வலி. பிறகு ஒரு கிலோவாகப் பிரித்து, சின்ன வாளிகளில் தண்ணீர் நிறைய விட்டு வளர்த்தார். இப்போது நன்றாகவே விற்கிறார், தெளிப்பு மட்டும் அந்த வீட்டில் கெட்ட வார்த்தை.

திறந்து திறந்து பார்ப்பது

வெளிச்சம் பட்டால் பச்சையாகும், கசக்கும். மூடுங்கள்.

கனம் வைக்காமல் விடுவது

நூல் மாதிரி ஒல்லியாக வருகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் மேலே கனம் வைக்காதவர்கள். முளை எதையாவது முட்டித் தள்ள வேண்டியிருந்தால் எத்திலீன் வாயுவை விடும், அதனால் தண்டு நீளம் குறைந்து தடிக்கும். ஈப்போத் தவ்கே தடிப்பதற்கு அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும். உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் ஒரு தட்டும் அதன் மேல் கனமும் வைத்துப் பாருங்கள். வேர் எட்டிப் பார்த்த பிறகு வைக்க வேண்டும். ஊறவைத்த அன்றே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தால் நசுங்கும். தட்டு ஏனத்தை முழுக்க அடைக்காமல், ஓரத்தில் காற்றும் தண்ணீரும் போக இடம் இருக்கட்டும்.

பச்சையாகத் தின்பது

முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது, அதனால் பச்சையாகவே சாப்பிடு என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. பயற்றின் மேல் தோட்டத்திலேயே ஒட்டிய சால்மோனெல்லா, ஈகோலை மாதிரிக் கிருமி கொஞ்சம் இருந்தாலும் போதும், முளை வளரும் அதே ஈரமும் சூடும் அதற்கும் சொர்க்கம், நாலு நாளில் பெருகிவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, அலசினாலும் முழுக்கப் போகாது. 2011-ல் ஜெர்மனியில் ஈகோலை பரவி ஏறக்குறைய 4,000 பேர் நோயில் விழுந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் என்று பிடிபட்டது முளைவிட்ட வெந்தயம். நாம் தினமும் புழங்கும் அதே வெந்தயம்தான்.

ரோஜாக் கலவைக்கோ லக்சா நூடுல்ஸுக்கோ, தவ்கேயைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்த பிறகு எடுங்கள். கெட்டில் தண்ணீரை மேலாக ஊற்றிவிட்டு ஆச்சு என்று சொல்லாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ வயசானவர்களோ இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுப்பில்

அஞ்சு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்ததை அஞ்சு நிமிடத்தில் கூழாக்குகிறவர்களுக்கு இது. முதல் குற்றம் ஈரத்தோடு போடுவது. அலசியவுடன் வடிதட்டில் கால் மணி நேரமாவது விடுங்கள். இரண்டாவது, ஏனம் கொள்ளாமல் கொட்டுவது. குவாலியில் புகை கிளம்பும்வரை சூடேற்றி, ரெண்டு பிடி ரெண்டு பிடியாகப் போட்டால் வதங்கும். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகும். மூன்றாவது, மூடி. மூடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுச் சமையுங்கள். நான்காவது உப்பு. உப்பு தண்ணீரை இழுக்கும், அதனால் இறக்கும்போதுதான்.

பொரியலுக்குக் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் எல்லாம் முழுக்க வதங்கி முடிந்த பிறகு தவ்கே. மூன்று நிமிடம் நல்ல தீயில் விடாமல் கிளறினால் எல்லாம் ஆவி பறக்கச் சுட்டுவிடும், கரகரப்பும் போகாது. துருவிய தேங்காய்ப்பூவை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். கருவாட்டோடு செய்வதாக இருந்தால், கருவாட்டைத் துண்டாக்கி முறுகப் பொரித்துத் தனியே எடுத்துவைத்து, அந்த எண்ணெயிலேயே பூண்டும் தவ்கேயும் வதக்கி, கடைசியில் கருவாட்டைச் சேர்க்க வேண்டும். அப்போது உப்பே வேண்டாம். நெத்திலிக்கும் இதே முறைதான். மீ கோரேங் நூடுல்ஸிலும் தவ்கே எல்லாவற்றுக்கும் பிறகுதான், முட்டைக்கும் பிறகு.

தோல், வேர்

பெரிய ஏனத்துத் தண்ணீரில் அலசினால் பச்சைத் தோல் மிதக்கும், அள்ளிப் போடுங்கள். முளைக்காத பயறு அடியில் தங்கும், அதைக் கட்டாயம் பொறுக்குங்கள், பல் போகும். வேரைக் கிள்ளுவது அழகுக்கு. கல்யாணச் சமையல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெள்ளையாக இல்லையே என்பது

வீட்டுத் தவ்கே லேசான மஞ்சள் ஓடும். அதனால் ஒன்றும் இல்லை.

மிச்சம் வைப்பது

வளர்வது தெரிந்துகொண்டே நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், தலையில் இலை பிரிந்து, வேரில் மயிர் மயிராகக் கிளை விட்டு, தண்டு நாராகிவிடும். ரெண்டு அங்குலத்தில் எடுத்துவிடுங்கள். உடனே சமைக்காவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் முங்கவைத்து ஐஸ்பெட்டியில் வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றினால் ரெண்டு மூன்று நாள் தாங்கும். வழுவழுப்பும் வாடையும் வந்ததைத் தூக்கிப் போடுங்கள். வாடையில்லாமல் இலை மட்டும் விட்டதைப் பொரியலுக்கு எடுக்காதீர்கள், பொடியாக நறுக்கிப் பருப்போடு கூட்டாக வேகவைத்துவிடுங்கள், நார் தெரியாது.