ஒரே டிவிடியில் இரண்டு ஒலித்தடங்களும் இரண்டு மொழிச் சப்டைட்டிலும்: தொடக்கநிலைச் செய்முறை

பினாங்கில் நடந்த என் தங்கையின் திருமணக் காணொளி 90 நிமிடம் ஓடும். தோட்டத்து வீட்டில் இருக்கும் பாட்டியிடம் இணையம் இல்லை, பழைய டிவிடி பிளேயர் மட்டுமே உண்டு. தாத்தாவுக்குக் காது மந்தம். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சடங்குச் சொற்கள் புரிவதில்லை. ஆகவே மண்டபத்தின் இயல்பான ஒலி, பெரியப்பா சடங்குகளை விளக்கும் குரல், தமிழ், மலாய் சப்டைட்டில் ஆகிய நான்கையும் ஒரே வட்டில் சேர்த்தேன். டிவிடி 8 ஒலித்தடங்களையும் 32 சப்டைட்டில் தடங்களையும் ஏற்கும் என்பதால் இடத்துக்குக் குறைவில்லை.

எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் பதிந்தால் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் அதைப் படிக்காது. காணொளி எம்பெக்-2 (MPEG-2) என்ற டிவிடிக்குரிய வடிவில், உரிய கோப்புறை அமைப்புடன் இருக்கவேண்டும். அதைச் செய்துதரும் இலவச மென்பொருள் டிவிடிஸ்டைலர். புதிய திட்டம் தொடங்கும்போது வட்டின் அளவை 4.7 ஜிபி என்றும், காணொளி முறையை மலேசியத் தொலைக்காட்சிக்கு ஏற்ற பால் (PAL: 720x576, நொடிக்கு 25 சட்டங்கள்) என்றும், ஒலி வடிவத்தை ஏசி3 (AC3) என்றும் தேர்ந்தெடுங்கள். 90 நிமிடத்துக்குக் காணொளியின் பிட்ரேட் (ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) நொடிக்கு ஏறத்தாழ 6 மெகாபிட் இருந்தால் இரண்டு ஒலித்தடங்களும் சேர்ந்து வட்டுக்குள் அடங்கும். 2 மணி நேரமானால் 4.5 அளவுக்குக் குறைக்கவேண்டும்.

இரண்டாவது ஒலித்தடமான விளக்கக் குரலை, காணொளியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்து, 48,000 ஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். அது காணொளியின் முதல் நொடியிலேயே தொடங்கவேண்டும். பேச்சு இல்லாத இடங்களை வெட்டாமல் மௌனமாகவே விட்டுவிடுங்கள், இல்லையெனில் தாலி கட்டும் காட்சிக்கு உரிய விளக்கம் அதற்கு முன்பே கேட்கும். டிவிடிஸ்டைலரில் காணொளியின் பண்புகளைத் திறந்து இந்தக் கோப்பை ஒலித்தடமாகச் சேர்த்து, ஒவ்வொரு தடத்துக்கும் மொழியைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, மிகுந்த கவனம் தேவைப்படும் சப்டைட்டில். வரிகளும் அவை தோன்றும் நேரமும் அடங்கிய எஸ்ஆர்டி (SRT) கோப்புகளை, தமிழ் எழுத்துகளை ஏற்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமித்து, அதே பண்புகள் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, மொழியையும் தமிழ் எழுத்துருவையும் தேர்வுசெய்யவேண்டும். ஆனால் டிவிடி சப்டைட்டிலை எழுத்தாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வரியையும், ஒரே நேரத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் கொள்ளாத சிறு படமாக வைத்திருக்கிறது. அந்தப் படத்தை வரையும் நிரலுக்குத் தமிழ் எழுத்துகளை உரிய வரிசையில் கோக்கத் தெரியாவிட்டால், 'பெண்' என்ற சொல்லில் பகரத்துக்கு முன் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் விழும். மலாய் வரிகள் சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலில் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் உள்ளடக்கத்தையும் கொண்ட ஒற்றைக் கோப்பு) உருவாக்கி, கணினியின் விஎல்சி பிளேயரில் திறந்து, ஒகரமும் ஔகாரமும் வரும் வரிகளை வாசித்துப் பாருங்கள். எழுத்து சிதைந்திருந்தால், சப்டைட்டில் எடிட் மென்பொருளில் தமிழ் வரிகளைப் படவடிவமான வாப்சப் (VobSub) கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை ஏற்கும் வேறொரு டிவிடி உருவாக்க மென்பொருளைப் பயன்படுத்தவேண்டும். வரிகளைக் காட்சியின் மீதே நிரந்தரமாகப் பதிக்கும் வழியும் உண்டு. ஆயினும் அதன்பின் யாராலும் அவற்றை நிறுத்த முடியாது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

சரியாக வந்த பின் முழுக் காணொளியையும் ஐஎஸ்ஓவாக்கி, இம்க்பர்ன் (ImgBurn) என்ற வட்டுப் பதிவு மென்பொருள் வழியாக டிவிடி-ஆர் வட்டில் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதியுங்கள். பழைய பிளேயரில் இட்டு, ரிமோட்டின் ஆடியோ, சப்டைட்டில் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு தடத்தையும் மாற்றிப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், கடைசி ஐந்து நிமிடத்துக்குச் சென்று உதட்டசைவும் வரிகளும் பொருந்துகின்றனவா என்று சோதியுங்கள். வேகத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் அது கூடிக்கூடி அங்கேதான் தெளிவாகத் தெரியும்.