போராட்டப் பதாகையை உரையாடலாக வாசிப்பது எப்படி?

சுகாதாரப் போராட்டத்தில் ஒரு சுவரொட்டியையோ பதாகையையோ பார்த்தால், அது என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். யாருக்குப் பதில் சொல்கிறது என்று தேடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

இதற்கு அமெரிக்கச் சிந்தனையாளர் கென்னத் பர்க் 1941இல் சொன்ன ஒரு காட்சி உதவும். நீங்கள் பிந்தி ஓர் அறைக்குள் போகிறீர்கள், உள்ளே காரசாரமான வாதம், அது எப்போது தொடங்கியதென்று அங்கிருக்கும் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நீங்களும் பேசுகிறீர்கள், ஒருவர் மறுக்கிறார், இன்னொருவர் உங்கள் பக்கம் வருகிறார், நேரமாகிவிட்டதென்று நீங்கள் கிளம்பினாலும் வாதம் ஓயாது.

பதாகையும் அந்த அறையில் ஒரு பேச்சுதான். இலங்கையில், கொழும்பின் பொரளை கனத்தை மயான வேலியில் 2020 டிசம்பரில் எதிர்ப்பாகக் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளை வைத்துச் செய்து பார்ப்போம்.

முதலில், அதற்கு முன் பேசியவர்களைப் பட்டியலிடுங்கள். கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டுமென்று 2020 ஏப்ரலில் அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது; இறந்தவரை அடக்கம் செய்வதே முஸ்லிம்களின் மத வழக்கம். அடக்கமும் செய்யலாம் என்றது உலக சுகாதார நிறுவனம். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று இங்கே காரணம் சொன்னார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கட்டாய எரிப்புக்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அடுத்த சில நாட்களில் 20 நாள் முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதம் இல்லாமலே எரிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தத் துணிகள் வந்தன. இது தெரியாமல் பார்ப்பவருக்கு வேலியில் துணி மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, பேசும் விதம். வெள்ளை, முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் நிறம். கூட்டம் கூட முடியாத காலத்தில் ஒருவர் தனியாக வந்து கட்டிவிட்டுப் போகலாம். மூன்று மொழியிலும் எழுதினால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும் கொழும்பில், அதற்கு எழுத்தே தேவைப்படவில்லை. மற்ற மதத்தவரும் வந்து கட்டினார்கள். பர்க் சொன்ன 'உங்கள் பக்கம் வருகிறவர்' இவர்கள்தான்.

மூன்றாவது, வந்த பதில். துணிகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன, அதுவும் ஒரு பதில்தான், குறித்துக்கொள்ளுங்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, மார்ச்சில் கிழக்கிலுள்ள ஒட்டமாவடியில் ஜனாசாக்கள் (முஸ்லிம்களின் உடல்கள்) அடக்கப்பட்டன. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

முன்னால் யாருமே பேசவில்லையென்றால்? நியூயோர்க்கில் 1987இல் 'மௌனம் = மரணம்' என்று இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு எய்ட்ஸ் சுவரொட்டி ஒட்டினார்கள். அடியில் சின்ன எழுத்தில், ஜனாதிபதி ரேகன் ஏன் பேசாமலிருக்கிறார் என்ற கேள்வி. அங்கே மௌனத்துக்குத்தான் பதில் சொன்னார்கள், அதனால் உங்கள் பட்டியலில் பேசாதவர்களுக்கும் ஓர் இடம் விடுங்கள்.

கடைசியாக, பர்க்கோடு நான் முரண்படும் இடம். அவருடைய அறைக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்து பேசலாம். அந்தக் குழந்தையின் பெற்றோரை யாரும் உள்ளே விடவில்லை. ஆகவே ஒவ்வொரு பதாகைக்கும் இதையும் எழுதுங்கள்: வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் யார், நிறுத்தியவர் யார்?